காய்தலும் உவத்தலும்

ஆய்வைக் காய்தல் உவத்தல் இன்றிச் செய்ய வேண்டும் என்பது தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விதி. வெறுப்பும் கூடாது, விருப்பும் கூடாது, எடுத்த பொருளை உள்ளபடி பார் என்பது அதன் கருத்து. இங்கே எடுத்துக்கொண்ட பொருளில் அந்த விதி வாசற்படியிலேயே தடுக்கி விழுகிறது. ஆம்பிளிஃபயர் நன்றாகக் காய்ந்தால்தான் காது உவக்கும் என்பதே ஆராயப்போகும் கொள்கை. காய்தல் இல்லையேல் உவத்தல் இல்லை. ஆகவே நெறிமுறைப்படி பார்த்தால் இந்த ஆய்வு தொடங்கும்போதே தள்ளுபடியாக வேண்டியது. இருந்தாலும் தலைப்புப் போட்டாயிற்று.

கொள்கையின் மூல நூற்பா வருமாறு:

ஆறிய பெட்டி அழகுறப் பாடாது;
ஏறிய சூட்டின் இனிக்கும் என்ப.

இதை இயற்றியவர் யாரென்று எந்தச் சுவடியிலும் குறிப்பில்லை. இந்தக் கட்டுரைக்காக நேற்றிரவு எழுதப்பட்டது என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். ‘பெட்டி’ என்றது ஆம்பிளிஃபயரை. டர்ன்டேபிள், ஸ்பீக்கர், சி.டி. பிளேயர் முதலியனவும் தழுவிக்கொள்க. ‘அழகுற’ என்றதனால், ஆறிய பெட்டியும் பாடும், ஆனால் பணம் போட்டவருக்குத் திருப்தி இராது என்பது பெறப்படும். ‘என்ப’ என்பது ‘என்று சொல்வார்கள்’ எனப் பொருள்படுவதால், நாளைக்கு யாராவது கேட்டால் நூலாசிரியர் பொறுப்பில்லை.

இந்தக் கொள்கையுடையோர் மூன்று கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் போதும் என்போர் ஒரு கட்சி. ஒரு மணிக்குக் குறைந்து கேட்பது பாவம் என்போர் இன்னொன்று. மூன்றாவது கட்சி தீவிரமானது. வாங்கிய நாளில் சுவிட்சைப் போட்டால் போட்டதுதான், பிறகு அணைக்கவே கூடாது என்பது அவர்கள் நிலை. வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. மூன்றாம் கட்சியினர் தம் ஆம்பிளிஃபயரை அந்த வரிசையில் வைக்கிறார்கள். அங்கே பசித்து வந்தவர்களுக்குச் சோறு கிடைக்கிறது என்பதொன்றே வேறுபாடு.

சூடேறினால் இசை நன்றாகும் என்பதைத் தமிழ் மொழி எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. கச்சேரி ‘சூடு பிடிக்கிறது’ என்கிறோம். முதலில் ஒரு வர்ணம் பாடிக் குரலைப் பதப்படுத்திக்கொண்டபின்தான் வித்வான் பெரிய ராகத்துக்குப் போகிறார். பறையடிப்பவர்கள் இன்னும் வெளிப்படையானவர்கள். வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, பறையை அந்தத் தணலுக்கு நேரே காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். தோலில் ஏறியிருந்த ஈரம் போகும், தோல் இறுகும், இறுகிய தோலின் அதிர்வெண் கூடும். நடுவில் ஒருவர் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். ‘தொப்’ என்றால் இன்னும் கொஞ்ச நேரம் தீ. ‘டண்’ என்றால் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இதில் கட்சி இல்லை, விவாதம் இல்லை. தெருக்கோடியில் நிற்கிறவருக்கும் வித்தியாசம் கேட்கும்.

ஊதுகிற கருவிகளும் இப்படித்தான். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் அது 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலேறிவிடும். சுருதிப் பெட்டியோடு சேர்ந்து வாசிப்பவர், மேடையேறுமுன் கருவிக்குள் சும்மா ஊதிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆனால் பறை இசையை உண்டாக்கும் பொருள். ஆம்பிளிஃபயர் யாரோ எப்போதோ உண்டாக்கிய இசையைப் பெரிதாக்கிக் கொடுப்பதற்காகச் சம்பளத்துக்கு வைத்த ஆள். அந்த ஆளுக்கும் குளிர் காய வேண்டுமா என்பதே இனி வரும் காண்டங்களின் விசாரணை.

வால்வுக் காண்டம்

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். குமிழைத் திருகினால் ‘டக்’. ஸ்டேஷன் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் பல்பு எரியும். அவ்வளவுதான், சத்தம் எதுவும் வராது. பின்பக்கத்து அட்டையில் இருக்கும் ஓட்டைகள் வழியே எட்டிப் பார்த்தால், கண்ணாடிக் குழாய்களுக்குள் ஊதுபத்தி முனை போல ஒரு சிவப்பு மெல்லத் தெரியும். தூசி சூடாகிற வாசனை வரும். அப்புறம் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். முகப்பில் பச்சைக் கண் வைத்த ரேடியோவாக இருந்தால், அந்தக் கண் இருட்டிலிருந்து மெதுவாக விழிக்கும். ஆலன் டூமான்ட் கண்டுபிடித்து, ஆர்.சி.ஏ. நிறுவனம் 1935-இல் 6ஈ5 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த குழாயின் வழித்தோன்றல் அது. கடைசியில், ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசிக்கொண்டே மேலே ஏறி வருவதுபோலக் குரல் வந்து சேரும். செய்திகள் வாசிப்பது யார் என்பது, ஒரு நிமிடம் முன்னாலேயே ரேடியோவைப் போட்டு வைக்காத வீடுகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

இதற்குக் காரணம் இயற்பியல். உலோகத்தைச் சூடாக்கினால் கொதிக்கும் பானையிலிருந்து ஆவி கிளம்புவதுபோல எலக்ட்ரான்கள் கிளம்பும். எடிசன் 1880-களில் தன் மின்விளக்கின் கண்ணாடி ஏன் உட்புறம் கறுக்கிறது என்று ஆராய்ந்தபோது இந்த விளைவைக் கண்டார். 1884-இல் ஒரு காப்புரிமையும் பெற்றார். பெரிய பயன் எதுவும் காணாமல் விட்டுவிட்டார். ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904-இல் அதிலிருந்து முதல் வால்வைச் செய்தார். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் ஆடியான் குழாயைக் கொண்டுவந்தார். அதில் நடுவே வைத்த வலைக்கம்பிதான் பிறகு சிறு ஒலியைப் பெரிதாக்கும் வித்தைக்கு வழி திறந்தது. சூடு கொஞ்சம் ஏறினாலும் எலக்ட்ரான் எப்படி மளமளவென்று பெருகும் என்று கணக்குச் சொன்ன ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ‘சூடேறட்டும்’ என்பது ஒரு காலத்தில் நோபல் பரிசு பெற்ற வாக்கியம்.

பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ‘ஆறு புள்ளி மூன்று வோல்ட்’ என்பதைக் குலதெய்வத்தின் பெயர்போல உச்சரிப்பார்கள். பெரும்பாலான வால்வுகளின் ஹீட்டருக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தம் அது. காரில் இருந்த ஈய பேட்டரியின் மூன்று அறைகள், அறைக்கு 2.1 வோல்ட், கூட்டினால் 6.3. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவரின் ஆம்பிளிஃபயருக்குள் ஒரு மோட்டார் காரின் வம்சம் இருக்கிறது. இஎல்34 என்ற வால்வின் ஹீட்டர் மட்டும் 1.5 ஆம்பியர் இழுக்கும், அதாவது 9.45 வாட். நான்கு இஎல்34 வைத்த ஆம்பிளிஃபயர், ஒரு ஸ்வரம் பாடுவதற்கு முன்பே ஏறத்தாழ 38 வாட்டை வெறுமனே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளச் செலவழிக்கிறது. பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு பூசிய வால்வின் உட்குழல் 700 டிகிரிக்கு மேல் போனால்தான் வேலைக்கு வரும். சோம்பேறி என்று சொல்ல முடியாது. அதன் பிறவி அப்படி.

குரல் வந்தபிறகும் சூடேறுதல் முடிவதில்லை. ரேடியோவுக்குள் இருக்கும் சுருளும் கண்டென்சரும் சூட்டில் இம்மியளவு விரியும். அந்த இம்மியில் சிற்றலை நிலையம் நழுவிப் போகும். இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டில் சிற்றலையில் பிடித்துக் கேட்டவர்கள், பாட்டு ஆரம்பித்துச் சற்று நேரத்தில் குமிழை மயிரிழை திருப்பிச் சரிசெய்தபின்தான் சாய்ந்து உட்கார்வார்கள். அதை யாரும் ரசனை என்று சொல்லிக்கொள்ளவில்லை. வேலை என்றே செய்தார்கள்.

‘அணைக்கவே கூடாது’ கட்சிக்கும் இந்தக் காண்டத்தில் ஒரு மூதாதை உண்டு, அதுவும் கௌரவமான மூதாதை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ், ஜெர்மானியரின் சங்கேதங்களை உடைக்க ஏறத்தாழ 1,600 வால்வுகளை வைத்துக் கொலோசஸ் என்ற இயந்திரத்தைக் கட்டப் புறப்பட்டார். இத்தனை வால்வுகள் இருந்தால் ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டேயிருக்கும், இது நடக்காது என்று பலர் தலையாட்டினார்கள். தொலைபேசி நிலைய வேலையில் ஃபிளவர்ஸ் கற்றிருந்த பாடம் வேறு: வால்வுகள் எரியும்போது சாவதைவிட, போட்டு அணைத்துப் போட்டு அணைக்கும்போதுதான் அதிகம் சாகின்றன. எனவே அணைக்காமல் விட்டார்கள். 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லி பார்க்கில் அது வேலை செய்தது. ஆனால் ஃபிளவர்ஸ் அணைக்காமல் விட்டது வால்வு நீடித்து உழைக்கவே. கொலோசஸ் பாடிக் கேட்டவர் யாருமில்லை.

வால்வைப் பொறுத்தவரை நூற்பா மெய். அரை நிமிடத்தில் பேசும், கால் மணியில் நிலைகொள்ளும். அதற்குமேல் கேட்பவர்கள் வால்வின் பெயரால் கேட்கக் கூடாது.

டிரான்சிஸ்டர்க் காண்டம்

பெல் ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தபோது, குளிர் காய்கிற வழக்கம் ஒழிந்துவிடும் என்றே தோன்றியிருக்க வேண்டும். அதற்குள் ஹீட்டர் கிடையாது. சுவிட்சைப் போட்டால் பாட்டு. ஆனாலும் டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் வைத்திருப்பவர்தான் இன்று அதிக நேரம் காத்திருக்கிறார். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அலையின் மேல்பாதியை ஒன்று சுமக்கும். கீழ்ப்பாதியை மற்றொன்று சுமக்கும். ஒருவர் உலக்கையை எடுக்கும் கணமும் மற்றவர் போடும் கணமும் பிசகாமல் பொருந்த வேண்டும். பிசகினால் அந்த இடத்தில் ஒரு வெட்டு விழும். ஒலியில் அது கரகரப்பு. வெட்டு விழாமலிருக்க, வேலை இல்லாத நேரத்திலும் இருவரையும் அரைத்தூக்கத்தில் வைத்திருக்க ஒரு சிறு மின்னோட்டம் ஓடவிடுகிறார்கள். பயஸ் என்று அதற்குப் பெயர்.

சிக்கல் இங்கேதான். டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடேறினால், அதைத் திறக்கத் தேவையான மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. கொடுப்பதைக் குறைக்காவிட்டால் அதிக மின்னோட்டம் ஓடும். அதிகம் ஓடினால் இன்னும் சூடேறும். இன்னும் சூடேறினால் இன்னும் ஓடும். முடிவில் புகை. இதைத் தடுக்க, பெரிய டிரான்சிஸ்டர்களோடு அதே ஹீட் சிங்கில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரையும் ஒட்டிவைக்கிறார்கள். சூடு ஏறுகிறதா என்று தொட்டுப் பார்த்துப் பயஸைக் குறைப்பது அதன் உத்தியோகம். ஆனால் ஹீட் சிங்க் என்பது கட்டியான அலுமினியம். அது நிதானமாகத்தான் சூடேறும். உள்ளே டிரான்சிஸ்டர் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெளியே இருக்கும் காவலாளிக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்கிறது, அரசு அலுவலகத்தில் போவதுபோல. இந்த இழுபறி அடங்க அரை மணி ஆகலாம். அதுவரை பயஸ் அலைபாயும். பயஸ் அலைபாய்ந்தால், ஒலி மூலத்திலிருந்து விலகும் அளவாகிய பிறழ்வும் மாறும். அளந்து பார்க்கலாம், அளந்தும் இருக்கிறார்கள். சில பெட்டிகளில் சூடேறியபின் பிறழ்வு குறைகிறது. சிலவற்றில் கூடுகிறது.

கூடுகிறது என்ற அந்தச் சொல்லை எந்தக் கட்சியும் மேற்கோள் காட்டுவதில்லை.

உலக்கையை மாற்றிக்கொள்ளும் தொல்லையே வேண்டாம், ஒரே ஆள் முழுப்பாரத்தையும் சுமக்கட்டும் என்று செய்யப்பட்டது கிளாஸ் ஏ. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ ஆம்பிளிஃபயரின் வரைபடத்தை வைத்து இன்றும் வீட்டில் பற்றவைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். 10 வாட் ஒலிக்காக ஒரு சானல் எந்நேரமும் 30 வாட்டுக்கு மேல் எரிக்கும். பாட்டு நின்றாலும் எரியும். கேட்பவர் சாப்பிடப் போனாலும் எரியும். இப்படிப்பட்ட பெட்டி அடங்கி உட்கார நேரம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சட்டம்கூட ஒருமுறை இதில் தலையிட்டிருக்கிறது. ஆம்பிளிஃபயரின் வாட் கணக்கை விளம்பரங்களில் வாய்க்கு வந்தபடி போடுகிறார்கள் என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் ஒரு விதி கொண்டுவந்தது. அளப்பதற்கு முன் ஆம்பிளிஃபயரை, சொல்லப்பட்ட திறனில் மூன்றில் ஒரு பங்கில், ஒரு மணி நேரம் ஓட்டிக் காய்ச்ச வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ‘பாருங்கள், அரசாங்கமே ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டது’ என்று இரண்டாம் கட்சியினர் இதை எடுத்துக்காட்டலாம். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவு, உலக்கை மாற்றிப் போடும் வகைப் பெட்டிகள் மிக அதிகமாகச் சூடாகும் இடத்தை ஒட்டியது. பெட்டி தாங்குகிறதா, சாகிறதா என்று பார்க்கும் சோதனை அது. இரண்டாயிரத்தில் அது கடுமை என்று கருதி எட்டில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். தீக்குளித்து மீண்டவளிடம் குரல் இனிமையாகியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அளக்கும் கருவிகளின் கதை இன்னும் சுவையானது. ஆய்வகத்தில் பலரும் வைத்திருக்கும் 34401ஏ மல்டிமீட்டர், ஒரு மணி நேரம் சூடேறிய பிறகுதான் தன் துல்லியத்துக்கு உத்தரவாதம் தருகிறது. அதன் அண்ணன் 3458ஏ நான்கு மணி நேரம் கேட்கிறது. அரை மணியில் ஆம்பிளிஃபயர் எவ்வளவு மாறியது என்று துல்லியமாக அறிய விரும்புகிறவர், காலையிலேயே எழுந்து மீட்டரைப் போட்டுவிட வேண்டும். சூடேறாத மீட்டரால் அளந்தால், மாறியது ஆம்பிளிஃபயரா மீட்டரா என்ற ஐயம் எழும்; அதை அளக்க இன்னொரு மீட்டர் வேண்டும்; அதுவும் சூடேற வேண்டும்.

கேபிள் படலம்

செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஓடும் ஒலிக்கம்பியில் போகும் மின்னோட்டம் அதைச் சூடாக்கப் போதாது. படலம் முற்றிற்று.

எதிர்ச்சான்றுப் படலம்

ஸ்பீக்கரிலும் செம்புச் சுருள் இருக்கிறது. அது நிச்சயம் சூடாகிறது. 100 டிகிரி ஏறினால் அதன் தடை 39 சதவீதம் கூடிவிடும். தடை கூடினால் ஆம்பிளிஃபயரிடமிருந்து வாங்கும் திறன் குறையும், சத்தம் அமுங்கும். ஸ்பீக்கரைப் பொறுத்தவரை நூற்பா தலைகீழாக இருக்கிறது: காய்ந்தால் உவத்தல் குறைகிறது. வீட்டில் மெதுவாகக் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விடிய விடிய அலறுகிற மேடை ஸ்பீக்கருக்குத்தான் இந்தக் கதி.

இசைத்தட்டின் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு துளி ரப்பர் உண்டு. குளிரில் அது விறைக்கும். முள் பள்ளத்தில் சரியாகப் புரளாது. ஐரோப்பாவில் கணப்பு இல்லாத அறையில் ஜனவரி மாதம் இசைத்தட்டுப் போடுகிறவருக்கு இது மெய்யான தொல்லை. அங்கே ‘கொஞ்சம் சூடேறட்டும்’ என்பது பொது அறிவு. அந்த அறிவுரை கப்பலேறிச் சென்னைக்கும் வந்துவிட்டது. சென்னையில் ஜனவரி விடியற்காலையின் சராசரி வெப்பநிலையே 20 டிகிரிக்கு மேல். மே மாதத்தில் ரப்பர் விறைப்பதாக இங்கே ஒருவர் சொன்னால், விறைத்தது ரப்பர் இல்லை.

செலவும் ஆய்வுக்கு உட்பட்டதே. சும்மா இருக்கும்போது 200 வாட் இழுக்கும் கிளாஸ் ஏ பெட்டியை அணையாமல் வைத்தால் 60 நாளில் 288 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தபோது, அந்த 100 யூனிட்டை இந்தப் பெட்டி மூன்று வாரத்தில் தின்று முடித்திருக்கும், ஒரு பாட்டும் பாடாமல்.

செவிக் காண்டம்

இனி கள ஆய்வு. இவ்வாய்வாளரின் நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், அரை மணிக் கட்சியின் உறுதியான உறுப்பினர். யாராவது பாட்டுக் கேட்க வந்தால், அவர்கள் தெருமுனையில் திரும்பும்போதே ஆம்பிளிஃபயரைப் போட்டுவிடுவார். டிரான்சிஸ்டர் பெட்டிதான், முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு. பிறகு காபி, முறுக்கு, பென்ஷன் சமாச்சாரம். அரை மணி தாண்டிய பிறகுதான் இசைத்தட்டின் உறை கழன்று வரும்.

ஒருநாள் அவர் உள்ளே டிகாக்ஷன் இறக்கப் போயிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மின்விசிறியும் விளக்கும் நிற்கவில்லை. சமையலறையில் இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆம்பிளிஃபயர் செருகியிருந்த பெரிய பிளக் பாயின்ட் இன்வெர்ட்டரில் சேர்ந்ததில்லை. சிவப்பு விளக்கு அணைந்தது. விருந்தாளி அதைப் பார்த்தார். ஆய்வு நெறி கருதி வாயைத் திறக்கவில்லை. நண்பர் காபியோடு வந்தார், பேத்தியின் பரதநாட்டியம் பற்றிச் சொன்னார், மறுபடி உள்ளே போனார். சுமார் இருபது நிமிடம் கழித்துச் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. ஐந்து நிமிடம் போனது. நண்பர் வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முக்கால் மணி ஆயிடுச்சு சார். இப்பக் கேளுங்க.”

வீணை. முதல் மீட்டலிலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டார். “எப்படித் திறந்துகிட்டு வருது பாருங்க. போட்ட உடனே கேட்டா இது வராது.”

வீணை உண்மையிலேயே நன்றாக இருந்தது. முக்கால் மணியில் சூடேறியவை என்று அந்த அறையில் கணக்கெடுத்தால் இரண்டு பேர், இரண்டு டம்ளர். பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் ‘அதான் அன்னிக்கு மேல் ஸ்தாயி கொஞ்சம் உறுத்தலா இருந்தது’ என்பார்.

இதை நண்பரின் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் 1994-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரியும்படி. இன்னொருமுறை திரைக்குப் பின்னால். அதே காது, அதே ஸ்பீக்கர். மதிப்பெண் மாறியது. கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிதாகவும் கம்பீரமாகவும் இருந்தவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண். அனுபவசாலிகளும் இதற்குத் தப்பவில்லை. கண் பார்த்ததைக் காது கேட்டதாக எழுதிக்கொள்கிறது. கடிகாரத்தையும் அது பார்க்கிறது.

ஒலியின் நுட்பமான சாயல் நினைவில் நிற்பது சில நொடிகள்தான். அதனால்தான் ஒழுங்காக ஒப்பிடுகிறவர்கள் இரண்டு கருவிகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். இரண்டின் சத்தமும் 0.1 டெசிபலுக்குள் ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலும் அதுவே ‘நன்றாக’ இருப்பதாகத் தோன்றும். ஆறு மணிக்குக் கேட்ட வீணையையும் ஆறே முக்காலுக்குக் கேட்கும் வீணையையும் ஒப்பிடுவது, போன வருஷம் தின்ற மாம்பழத்தை இந்த வருஷத்து மாம்பழத்தோடு ஒப்பிடுவதற்குச் சமம். செய்யலாம். சாட்சிக் கூண்டில் ஏறக் கூடாது. இடையில் தெருவில் பஸ் சத்தம் குறைந்திருக்கும். காது அறைக்குப் பழகியிருக்கும். சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருக்கும்.

ஆகவே முறையான சோதனைக்கான திட்டம் பின்வருமாறு வகுக்கப்பட்டது. ஒரே மாதிரி இரண்டு ஆம்பிளிஃபயர். ஒன்று காலையிலிருந்து எரிந்துகொண்டிருப்பது. மற்றது அப்போதுதான் போட்டது. திரைக்குப் பின்னால் ஒரு மாற்றுச் சுவிட்ச். அதைப் போடுபவர் கேட்பவரின் கண்ணில் படக் கூடாது. சத்தம் சமம். எது எது என்று 16 முறை சொல்ல வேண்டும். 12 முறையாவது சரியாக இருந்தால் காதுக்கு மாலை.

கேட்க வேண்டியது எவ்வளவு சிறியது என்றும் கணக்கிடப்பட்டது. சூடேறுவதால் பிறழ்வு 0.01 சதவீதத்திலிருந்து 0.005-ஆகக் குறைவதாக வைத்துக்கொள்வோம். 0.01 சதவீதம் என்பது இசைக்கு 80 டெசிபல் கீழே. இசை 85 டெசிபலில் ஓடினால் பிறழ்வு 5 டெசிபலில் கிடக்கும். இந்தியாவின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிப்பது 45 டெசிபல். கூரையில் சுற்றும் மின்விசிறி தன் பங்குக்கு 40-ஐத் தாண்டும். எனவே சோதனை நடக்கும் நேரம் முழுவதும் மின்விசிறியை அணைத்துவைப்பது கட்டாயம் என்று முடிவானது. ஏ.சி.யும் கூடாது, அதுவும் இரையும். தெருச் சத்தம் வராதபடி ஜன்னலையும் சாத்த வேண்டும்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு மாலை, நண்பரின் அதே கூடத்தில், இரவல் வாங்கிய இரண்டாவது பெட்டியோடு சோதனை தொடங்கியது. மின்விசிறியை அணைத்துப் பதினோராவது நிமிடத்தில், ஆறாவது மாற்றத்தின்போது, கேட்பவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சுவிட்சின் பக்கம் இருந்தவர் ஏற்கெனவே மாடிக்குப் போயிருந்தார். அதுவரை சொன்ன ஐந்தில் மூன்று சரி, இரண்டு தவறு. மீதி 11 முறை, டிசம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.